ரன் அவுட் என்று நான் எழுதியது

1993 ஜூலை 6, செவ்வாய்

விடியத் தொடங்கிய சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. இரண்டு தரம் கூட்டியும் முற்றத்தில் புழுதி.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். நான் லண்டனுக்குப் போகவில்லை. லண்டனில் எனக்கு வெள்ளைக்காரச் சொந்தம் எதுவும் இல்லை. என் கணவரின் பாட்டனாரும் வெள்ளைக்காரர் அல்லர். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்தவர். ஞாயிறு பூசை முடிந்து படி இறங்குவதற்குள் மூன்று பேர் கேட்டார்கள். இன்று வேலிக்கு அப்பால் நின்று பாக்கியம்:

"ரீச்சர், கப்டன்ரை ஆக்கள் உங்களைக் கூப்பிட்டிருக்கினமாம். ஓமோ?"

"ஆர் சொன்னது?"

"தபால்காரர்தான். ராணி தலை போட்ட முத்திரையாம்."

"கடிதம் வந்தது. ஆளைக் கூப்பிடேல்லை."

"எனக்கு ஒளிச்சு என்ன செய்யப் போறியள். போகேக்கை என்ரை பெடியனையும் ஒருக்கா நினைச்சுக்கொள்ளுங்கோ."

நாற்பது வருடமாக அடுத்த வீடு. நான் ஒளிப்பேன் என்று நினைக்கிறாள்.

வந்த கடிதம் இவ்வளவுதான். நூறு வருடத்துக்கு முந்தி இங்கே கோட்டையில் இருந்த கப்டன் பெல்வுட்டின் தம்பி வழிப் பேரன் எழுதியிருக்கிறார். என் கணவர் இருபது வருடம் தேடி எழுதிய கப்டனின் வாழ்க்கை வரலாற்றை அச்சிடச் சம்மதம். அட்டையில் அவர் பெயர். ஒரு நிபந்தனை: நான் அனுப்பிய பிரதி மூலக் குறிப்புகளோடு ஒத்தது, எதுவும் கூட்டவில்லை, எதுவும் விடவில்லை என்று நான் கையொப்பமிட வேண்டும். அதற்கு ஒரு தாள் கூடவே வந்திருக்கிறது. கீழே புள்ளிக் கோடு.

கடிதம் வந்து சேரப் பதினொரு கிழமை. மடத்துச் சிஸ்டர் அடுத்த கிழமை புதன் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போகிறா, பதிலைக் கொண்டுபோவா. ஆகவே செவ்வாய்க்குள் முடிக்க வேண்டும்.

செய்ய: மூக்குக் கண்ணாடியின் ஆணி இறுக்க. மை கரைக்க. தகரப் பெட்டி இறக்க (பக்கத்துக் கொட்டில் மடுத்தீனைக் கேட்கலாம். வேண்டாம்).

அட்டையில் அவர் பெயர். அவர் கண்மூடி ஒன்பது வருடம்.

ஜூலை 7, புதன்

பெட்டியைப் பாக்கியத்தின் மகன் இறக்கித் தந்தான். கறையான் இல்லை. வேப்பிலை பொடியாகிவிட்டது. ஒன்பது கொப்பிகள், எல்லாம் அவருடைய ஆங்கில எழுத்து. கோழி கிளறிய மாதிரி. அதனால்தான் நல்ல பிரதி எடுக்கும் வேலை எனக்கு வந்தது. மதர் சுப்பீரியர் என் எழுத்தை வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்தவர்.

காலையில் என்னிடம் இருக்கும் பிரதியின் நகலோடு முதல் மூன்று அதிகாரம் ஒப்பிட்டேன். கப்டனின் பிறப்பு, பள்ளிக்கூடம், பட்டாளம். இங்கிலாந்தில் தன் மாகாணத்துக்குக் காசு வாங்காமல் கிரிக்கெட் ஆடிய கனவான். ஆட்டப் பதிவில் கனவான்களுக்குப் பெயருக்கு முன்னால் முதலெழுத்துகள் வரும். கூலிக்கு ஆடியவனுக்கு வெறும் பெயர் மட்டும். என் கணவர் அதைச் சொல்லிச் சிரிப்பார். நான் சிரித்ததில்லை. ஒழுங்கு என்று ஒன்று வேண்டும் என்பேன்.

காற்புள்ளி கூடப் பிசகவில்லை. அவருடைய எழுத்துப் பிழை நான்கு. நான் திருத்தியது சரி.

பத்தரைக்கு ஆமி ஹெலிகொப்டர். ஐந்தாம் கொப்பியோடு பங்கருக்கு ஓடினேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே பதுங்குகுழி. குருநகரில் வீடு உடைந்து, பாக்கியத்தின் கொட்டிலில் வந்திருக்கும் மடுத்தீனும் வந்தார். பாக்கியம் வாசலில் நின்று மடுத்தீனிடம்:

"கப்டன், முதல் நீங்கள் இறங்குங்கோ."

"கப்டன்மார் கடைசியாத்தான் இறங்கிறது. நீ இறங்கு பிள்ளை."

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பட்டப்பெயர் வந்த விதம்: மூன்று வருடத்துக்கு முன் பங்கு மண்டபத்தில் பழைய சுவாமிக்குப் பிரியாவிடை. மடுத்தீன் எழும்பி, தன் பாட்டனின் தகப்பன் சந்தியாப்பிள்ளை கோட்டைத் துரையைப் பந்து போட்டு விழுத்தியவர் என்றார். நான் எழும்பி, ஆட்டப் பதிவில் துரை ரன் அவுட், அதாவது ஓடும்போது ஆட்டமிழந்தார், யாருடைய பந்திலும் விழவில்லை என்று சொன்னேன். "உது கட்டுக்கதை" என்றும் சொன்னேன். சபை சிரித்தது. அன்றிலிருந்து பாண் வாங்கும் வரிசையில்கூட அவர் கப்டன். பெயர் வைத்தது நான் அல்ல.

ஜூலை 9, வெள்ளி

காற்று. தலையிடி. பனங்கட்டி முடிந்தது, வெறும் தேத்தண்ணி.

ஏழாம் அதிகாரம். ஐந்தாம் கொப்பி, பக்கம் 40 முதல் 43. என் பிரதியில் அந்த நான்கு பக்கத்துக்கு ஒரே வசனம்: "கப்டன் மூன்று ஓட்டங்களில் ரன் அவுட் ஆனார்."

கொப்பியில் இருப்பதைத் தமிழில் இங்கே எழுதுகிறேன்:

கோட்டைக்கும் கொழும்பிலிருந்து வந்த அதிகாரிகளுக்கும் ஆட்டம். வந்தவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். ஆள் போதாமல், பின்னேரங்களில் கப்டனுக்குப் பயிற்சிப் பந்து போடும் குருநகர்த் தோணிக்காரன் ஒருவனைச் சேர்த்தார்கள். பெயர் சந்தியாப்பிள்ளை. வீச்சு வலைக்காரன். அவனுடைய பந்து ஸ்டம்பைத் தொட்டு மேல் கட்டை விழுந்தது. கப்டன் அசையவில்லை. காற்று விழுத்தியது என்றார். நடுவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த லெப்டினன்ட். ஓம் காற்றுத்தான் என்றார். அடுத்த பந்து நடு ஸ்டம்பைப் பிடுங்கி எறிந்தது. கப்டன் மைதானத்தை விட்டுப் போனார். பதிவில் எழுதிய பெயரை வேறு மையால் வெட்டி ரன் அவுட் என்று போட்டிருக்கிறது. ரன் அவுட் என்றால் பந்து போட்டவன் பெயர் எழுதத் தேவையில்லை.

மறுநாள் சந்தியாப்பிள்ளை மேல் மரியாதைக் குறைவு என்று குற்றம். கையைத் தூக்கிக் கொடிமரத்தில் கட்டி, காலையிலிருந்து மத்தியானம் வரை. அவிழ்த்துவிட்டவர் பட்டாள வைத்தியர். வலது தோள் விலகியிருந்தது, பிறகு சரியாகப் பொருந்தவில்லை என்று தமக்கைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் நகல் கொப்பியில் ஒட்டியிருக்கிறது.

ஓரத்தில் பென்சிலால், தமிழில், என் கணவர்: "இரண்டு இடத்தில் பார்த்தேன். உறுதி. செல்லம், இதை விட வேண்டாம்."

செல்லம் என்று என்னை அவர் மட்டும்தான் கூப்பிட்டார்.

ஜூலை 10, சனி

ஒன்றும் செய்யவில்லை. மா இடித்தேன். அரைவாசியில் விட்டேன்.

அந்த நான்கு பக்கத்தை விட்டதற்கு அப்போது நான் சொன்ன காரணங்கள், நினைவில் உள்ளபடி:

பதிவுதான் சான்று, கடிதம் அல்ல.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசிக்கும் புத்தகம்.
செத்தவரைப் பற்றித் தாழ்வாக எழுதலாகாது. (சந்தியாப்பிள்ளையும் செத்தவர்தான்.)

இவை மூன்றும் எனக்கு நானே சொன்னவை. என் கணவர் கேட்கவேயில்லை. உண்மையான காரணம், ஒரு கடற்கரை மனிதன் எங்கள் கப்டனை விழுத்தினான் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் கப்டன். இருபது வருடம் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்த ஆள்.

பிரதி முடிந்து அவரிடம் கொடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சாய்கதிரையில் இருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஏழாம் அதிகாரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு புரட்டினார். முடித்துவிட்டு, "எழுத்து நல்ல வடிவு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அன்று இரால் சமைத்தேன்.

கையொப்பம் வைத்தால் புத்தகம் வரும். வைக்காமல் இந்த நான்கு பக்கத்தையும் அனுப்பினால், தன் பாட்டனாரின் அண்ணனைப் பற்றி இப்படி அச்சிட எந்த மனிதர் சம்மதிப்பார்? எனக்கு எழுபத்தாறு. இன்னொரு பெல்வுட் வரமாட்டார்.

ஜூலை 11, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணைக்கு எழும்பவில்லை. வாங்கிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். வாசலில் பாக்கியம், "வயிறு சரியில்லையோ ரீச்சர்? ஓமத்தண்ணி காய்ச்சித் தரட்டே?" என்றாள். வேண்டாம் என்றேன். "லண்டன் யோசினை" என்று அவள் தன் தங்கைக்குச் சொன்னது கேட்டது.

பின்னேரம் நான்கு மணிக்குக் கொட்டிலுக்குப் போனேன். மூன்று வருடத்தில் முதல் தரம். மடுத்தீன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடற்படை ஆழக் கடலுக்குப் போக விடுவதில்லை. கரையோரம் வீசி வருவதுதான் இப்போது. எழும்பிக் கதிரை தந்தார். இருக்கவில்லை. நின்றபடியே கொப்பியை வாசித்தேன்.

வாசித்து முடியும்வரை ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. தோள் என்ற இடத்தில் மட்டும் நின்றது.

"வலது தோளே?"

"வலது."

"அதுதான். எங்கடை வீட்டிலை எல்லாரும் இடக்கையாலைதான் வலை வீசுறது ரீச்சர். என்ரை அப்பு, அவற்றை அப்பு, நான். தேப்பன் வீசுறதைப் பாத்துத்தானே பிள்ளையள் பழகிறது. சந்தியாப்பிள்ளைக்கு வலக்கை தோளுக்கு மேலை எழும்பாதாம். அவர் இடக்கையாலை வீசப் பழகினார். நாங்கள் எல்லாரும் அப்பிடியே பழகியிட்டம்."

அவர் பொத்துவது, சாப்பிடுவது, சிலுவை போடுவது எல்லாம் வலக்கை. இறங்குதுறையில் இடக்கையால் வீசுவதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

"உதை அண்டைக்குச் சபையிலை ஏன் சொல்லேல்லை?"

"சொல்ல எழும்பினனான். நீங்கள் கட்டுக்கதை எண்டியள். படிச்ச ஆள் சொன்னாப் பிறகு என்ரை கையைக் காட்டி என்ன செய்ய?"

கொப்பியை மூடினேன்.

"கப்டன் எண்டு கூப்பிடுறதுக்கு எனக்குக் கோவம் இல்லை. என்ரை மோன் அந்தக் கதையைத் தன்ரை பிள்ளையளுக்குச் சொல்லுறேல்லை. வெக்கமாம். அதுதான்."

மன்னியுங்கோ என்றேன். அந்தச் சொல்லை நான் எப்போது கடைசியாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. மெதுவாகச் சொல்லிவிட்டேனோ என்று திரும்பவும் சொன்னேன்.

"கேட்டது ரீச்சர். வாயாலை வேண்டாம். எழுதித் தாங்கோ. கீழை பேரைப் போட்டு. நான் சுவாமியைக் கொண்டு மண்டபத்திலை வாசிப்பிக்கிறன்."

"எழுதித் தாறன்."

"புத்தகத்திலையும் வருமோ?"

"தெரியாது. கேட்டு எழுதப் போறன்."

"மாட்டன் எண்டு சொன்னா?"

"அப்ப புத்தகம் இல்லை."

ஊசியைத் திரும்ப எடுத்தார். "உங்கடை மாஸ்ரர் பாவம்" என்றார். பிறகு, "அவர் என்னட்டை வந்து கேட்டவர் தெரியுமே? கை எப்பிடி எண்டு. நான் வீசிக் காட்டினனான். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. அல்லது சொல்ல வந்தபோது நான் கேட்கவில்லை.

வரும்போது ஒரு சோடி ஒட்டி மீன் தந்தார். வாங்கினேன்.

ஜூலை 12, திங்கள்

மேகம், மழை இல்லை. பொம்பர் விமானம் இரண்டு தரம், தூரத்தில்.

மடுத்தீனுக்குத் தமிழில் ஒரு பக்கம். மூன்று தரம் எழுதினேன். முதல் இரண்டிலும் "பதிவின்படி" என்று தொடங்கி நீட்டி முழக்கி இருந்தேன். கிழித்தேன். மூன்றாவது: "கோட்டைக் கப்டனைப் பந்து போட்டு விழுத்தியவர் குருநகர்ச் சந்தியாப்பிள்ளை. இது என் கணவரின் கொப்பியில் இருந்தது. நான் மறைத்தேன். மண்டபத்தில் நான் சொன்னது பிழை." பெயர், திகதி. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கக் கஷ்டம். பாக்கியம் வாங்கிச் சத்தமாக வாசித்தாள். "மறைத்தேன்" என்ற இடத்தில் நின்று என்னைப் பார்த்தாள்.

"ரீச்சர், உது நீங்கள் எழுதினதே?"

"என்ரை எழுத்துத் தெரியாதே உமக்கு?"

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். நாளை ஆங்கிலக் கடிதம்.

ஜூலை 13, செவ்வாய்

வெயில். காற்று குறைவு. சிஸ்டர் பின்னேரம் ஐந்துக்கு வருவா. ஆங்கிலக் கடிதம் முடிந்தது. நகலுக்கு, அதன் தமிழ்:

ஐயா,

நீங்கள் அனுப்பிய தாளைக் கையொப்பமிடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் தந்த பிரதி முழுமையானது அல்ல. ஏழாம் அதிகாரத்தில் நான்கு பக்கங்களை நான் விட்டேன். என் கணவர் விடவில்லை. அவற்றையும் வைத்தியரின் கடிதத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன். "ரன் அவுட் ஆனார்" என்ற வசனத்தை நீக்கி, அவற்றை அந்த இடத்தில் சேர்க்க வேண்டும். பந்து போட்டவரின் பெயர் முழுமையாக வரவேண்டும். அவருடைய குடும்பத்தார் இங்கே இருக்கிறார்கள். அவர் கையைப் பற்றி அவர்கள் அறிந்ததைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

கப்டன் உங்கள் குடும்பத்தவர் என்பதை நான் மறக்கவில்லை. அதற்காக எதையும் மெதுவாக்கி எழுதவும் இல்லை. இப்பக்கங்கள் இல்லாமல் என் கணவரின் பெயரை எந்த அட்டையிலும் போட வேண்டாம்.

எங்களுக்குத் தொலைபேசி இல்லை. பதிலை யார் மூலமும் வாய்ச்சொல்லாக அனுப்ப வேண்டாம். இந்தப் பக்கங்களோடு அச்சிடுவீர்களா, மாட்டீர்களா என்பதை எனக்கு எழுத்தில் அறியத் தரவும்.