வாப்பாவின் வலது கை

முசலி,
12.03.2012

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே நீங்கள் முழுச் சுகத்தோடு இருக்க துஆ கேட்டுக்கொண்டு, இங்கே நாங்கள் பாதிச் சுகத்தோடு இருக்கிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். தகரக் கொட்டிலில் ஒரே அறை. நான் பேசுவதெல்லாம் வாப்பாவுக்குக் கேட்கும். அவருக்கு வாய்தான் போனது, காது போகவில்லை.

காணியில் பற்றை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தியோடு சரிந்தவரை, ஆஸ்பத்திரியிலிருந்து போன கிழமை வீட்டுக்கு விட்டார்கள். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு என்று "தா, தா" என்ற சத்தம் மட்டும் வருகிறது. நாங்கள் சொல்வது எல்லாம் அவருக்கு விளங்குகிறது. அட்டையில் 'ஹெமிப்ளீஜியா, வலது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். பாரிசவாதம் நமக்குத் தெரியாததா? ஆனால் மீன் கொண்டு வரும் சந்தியோகு அண்ணனுக்கும் அதுதான் வந்தது. அவர் இப்போது சைக்கிளில் வருகிறார். அப்படியானால் இதில் வேறு வேறு வகை இருக்க வேண்டும். நீங்கள் ஆஸ்பத்திரி லோண்டரியில்தானே வேலை செய்கிறீர்கள், தெரிந்த யாரிடமாவது கேட்டு எழுதுங்கள்.

என் காரியமும் அந்தச் சொல்லில்தான் தொங்குகிறது. நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்து, மகளைத் தந்தேன் என்று வாயால் சொல்ல வேண்டுமே. புத்தளம் முகாமில் எனக்கு எத்தனை இடம் வந்தது, நினைவிருக்கிறதா? "அகதி முகாமில வச்சு என்ட மகளக் குடுக்க மாட்டன். முசலிக்குப் போய், என்ட முத்தத்தில, என்ட கையால குடுப்பன்" என்று எல்லாரையும் திருப்பி அனுப்பினார். இப்போது ஊர் திரும்பி முற்றம் கிடைத்துவிட்டது, கை போய்விட்டது. எனக்குப் பேசியிருக்கும் எருக்கலம்பிட்டி மர்சூக் வீட்டார் நாள் கேட்கிறார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது, நானா.

உங்கள் தங்கச்சி,
பஹ்மிதா

*

தோஹா,
04.04.2012

அன்புத் தங்கச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைத்த கையோடு விசாரித்தேன். இங்கே நாகர்கோவில் பெண் ஒருவர் பிசியோதெரபி செய்கிறார். சொல் இரண்டு இருக்கிறதாம். ஒன்று, ஒரு பக்கம் பலம் குறைவது. சந்தியோகு அண்ணனுக்கு வந்தது அதுவாகத்தான் இருக்கும், அது பெரும்பாலும் தேறிவிடும் என்றார். வாப்பாவின் அட்டையில் இருப்பது மற்றது. ஹெமி என்றால் பாதி, ப்ளீஜியா என்றால் அடி, பழைய கிரேக்கச் சொல்லாம். உடம்பின் பாதியில் அடி விழுந்து அந்தப் பாதி அறவே அசையாமல் போவது. மூளையின் இடது பக்கத்தில் அடைத்ததால் வலது பக்கமும் பேச்சும் சேர்ந்து போயிருக்கின்றன. முதல் சில மாதங்களுக்குள் விரல் நுனியாவது அசைந்தால் நம்பலாம், இல்லையென்றால் கை திரும்புவது அரிது என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

விரல் அசைகிறதா, புள்ள?

அசையாவிட்டாலும் வழி இருக்கிறது. ஜுனைதீன் மாமாவுக்கு வாப்பா வக்காலத்துக் கொடுக்கட்டும், அவருக்குப் பதிலாக மாமா கைபிடித்துச் சொல்வார். வாய் பேச முடியாதவர் தலையசைத்தாலே செல்லும் என்று இங்கே ஒரு மௌலவியிடம் கேட்டுவிட்டேன். அந்த நேரத்துக்கு மர்சூக் பிடிப்பது யாருடைய கையாக இருந்தால் என்ன, பிறகு ஆயுளுக்கும் உன் கையில் மாட்டிக்கொண்டு முழிக்கப் போகிறவன்தானே.

வர வேண்டும் என்று மனம் கிடந்து அடிக்கிறது. பாஸ்போர்ட் கம்பனியிடம். லீவு இல்லை என்கிறார்கள்.

உன் நானா,
பவ்ஸான்

*

முசலி,
02.05.2012

அன்பின் நானாவுக்கு,

ஸலாம். விரல் அசையவில்லை.

பள்ளிவாசல் லெப்பையும் மாமாவும் வந்தார்கள். "ஜமால்தீன், தலைய ஆட்டினாப் போதும், மத்தத நாங்க பாக்கிறம்" என்று மாமா கெஞ்சினார். வாப்பா முகத்தைத் தகரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள் போகும்வரை திரும்பவில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போனது.

அன்றிலிருந்து புதிதாக ஒரு கூத்து. பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் உம்மாவை எதிரில் இருக்க வைக்கிறார். இடது கையால் வலது கையைத் தூக்கி உம்மாவின் கைக்குள் வைத்து, "தா, தா" என்று வியர்த்து ஊற்றும்வரை பாடுபடுகிறார். நிக்காஹ்வுக்கு ஒத்திகை பார்க்கிறாராம். உம்மாதான் மாப்பிள்ளை. முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குசினிக்குள் போய் அழுதேன். "இண்டைக்குக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சார் புள்ள" என்று உம்மா தினமும் சொல்கிறார். இறுக்கிப் பிடிப்பது உம்மாவின் கை, நானா. நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

அந்தச் சொல்லின் அர்த்தத்தை இருவருக்கும் நான் சொல்லவில்லை. பொறுமையாக இருக்கச் சொன்னீர்கள் என்று மட்டும் சொன்னேன். மர்சூக்கின் பெரியவாப்பா நேற்று வந்து, "நோன்புக்கு முன்னுக்கு முடிப்பம். இல்லாட்டி நாங்க வேற இடம் பாக்கத்தான் வேணும், கோவிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மரியாதையான மனுசன். கோபிக்கவும் முடியவில்லை.

வாப்பா நம்புவது உங்கள் பேச்சை மட்டும்தான். கை வராது என்று நீங்கள் அவருக்கு எழுதுங்கள். நான் சொன்னால், கலியாண ஆசையில் சொல்கிறேன் என்று ஆகும்.

பஹ்மிதா

*

தோஹா,
29.05.2012

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். வாப்பாவுக்கு எழுதியது இதோடு இருக்கிறது. 'கை இனித் திரும்பாது வாப்பா, தலையசைத்துத் தங்கச்சியைக் கொடுங்கள்' என்பதுதான் சாரம். எழுதி எழுதிக் கிழித்தேன். சுகமாகிவிடும் என்று எழுதுவதற்குக் கை தானாக ஓடியது. இதை எழுதத்தான் ஓடவில்லை.

உம்மாவிடம் கொடுக்காதே, நீயே வாசித்துக் காட்டு. வாசிக்க மனம் வராவிட்டால் அடுப்பில் போடு. நான் கேட்க மாட்டேன்.

பவ்ஸான்

*

முசலி,
24.07.2012

அன்பின் நானாவுக்கு,

ஸலாம். நோன்பு தொடங்கிவிட்டது. நீங்கள் அனுப்பிய பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது.

உங்கள் கடிதத்தைத் தலையணை உறைக்குள் நாள் கணக்கில் வைத்திருந்தேன். இன்று வாசிப்போம், இன்று வாசிப்போம் என்று இருப்பேன். அசருக்கு அவர் ஆசையாக உம்மாவைக் கூப்பிடுவார், நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிடுவேன். கடைசியில் ஒரு பின்னேரம், அவர் கையைத் தூக்குமுன்னே வாசித்தேன். முழுக்கக் கேட்டார். இடது கையால் கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் மாமா எருக்கலம்பிட்டிக்கு ஓடினார். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் மர்சூக்குக்கு வேறு இடத்தில் பேசி முடித்தார்களாம். பெரியவாப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். யாரைக் குறை சொல்ல? பிந்தியது நான்தான்.

வாப்பாவிடம் அதை யாரும் சொல்லவில்லை. அவர் இப்போது வலது கையைத் தூக்குவதில்லை. அசருக்கு உம்மா பழக்கத்தில் எதிரில் போய் இருந்தாலும், அவர் வேலிப் படலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சொல்லைப் பற்றி இனி யாரிடமும் விசாரிக்க வேண்டாம், நானா. இடமும் பார்க்க வேண்டாம்.

ஆம்பிளை யார் படலையைத் திறந்தாலும் வாப்பா தலையசைக்கிறார். நேற்றுத் தண்ணீர் பவுசர் லொறிக்காரர் வந்து, "என்ன வாப்பா, சுகமா?" என்று கேட்டார். வாப்பா சிரமப்பட்டு நிமிர்ந்து இருந்து, இடது கையால் என்னைக் காட்டி, ஓம் என்று தலையசைத்தார்.

உங்கள் தங்கச்சி,
பஹ்மிதா