உன் கல்வெட்டுக்காகத் திறந்த லப்டொப்

இன்று காலை லப்டொப்பின் அடிமூடியைக் கழற்றியதும் பவுடர் மணம் வந்தது. உன் பவுடர்தான். நம் கடையைத் திறந்ததும் கண்ணாடி பார்த்து அப்பிக்கொண்டு இந்த லப்டொப்பின் முன்னால் வந்து இருப்பாயே, அதில் பாதி உள்ளே போய், கண்டி வீதிச் செம்புழுதியோடு சேர்ந்து காற்றாடியில் அப்பிக் கிடக்கிறது. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. இரண்டையும் முடித்துவிட்டுத் துடைக்கத் தொடங்கினேன்.

அடுத்த கிழமை உன் முப்பத்தொன்றாம் நாள் கிரியை. கிளிநொச்சியில் எத்தனை வீட்டாருக்கு நாம் இருவரும் இறந்தவரின் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடித்துக் கொடுத்திருப்போம்! முன்பக்கத்தில் படம், பிறகு தேவாரம், குடும்ப விபரம், கடைசியில் நன்றி. அதையே இப்போது உனக்குச் செய்ய வேண்டும். லப்டொப்போ உன் படங்களைப் போட்டதும் அசையாமல் நின்றுவிட்டது. ராம் நினைவகம் போதாது. ஹாட் டிஸ்க்கில் இடமும் இல்லை. எப்படி இருக்கும்? கடைக்கு வந்தவர்கள் தந்த படம் ஒன்றைக்கூட அழிக்க நீ விட்டதில்லை. "இடம்பெயர்வில எல்லாத்தையும் துலைச்ச சனமடி. திரும்பி வந்து கேக்குங்கள். அழிச்சியெண்டால் கையை முறிப்பன்" என்பாய்.

யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் கொடுத்துவிடுவோம் என்றார் உன் அண்ணா. "உமக்கு இப்ப மனம் ஏலாது தங்கச்சி, விடும்" என்று பரிவோடுதான் சொன்னார். எனக்கோ சுரீரென்றது. உன்னைத் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ எடுத்த ரோசாப்பூவை உன் தலைக்கு மேலே ஒட்டி அடித்துத் தருவார், அதை நான் கையில் வாங்க வேண்டுமா? "இல்லை அண்ணா, நான்தான் செய்வன்" என்றேன். வவுனியாவில் இருந்து புது ராமும் எஸ்எஸ்டி டிஸ்க்கும் பஸ்ஸில் வந்து சேர்ந்தன.

பழைய டிஸ்க்கில் இருந்த அத்தனையையும் நேற்றே புதியதற்குப் படியெடுத்துவிட்டேன். ஒரு முகமும் விடுபடவில்லை, திறந்து திறந்து பார்த்தேன். இன்று மின்சாரத்தைக் கழற்றி, யன்னல் கம்பியைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னை இறக்கிவிட்டு வேலையில் இறங்கினேன். மூடி ஒரு மூலையில் மட்டும் வரமாட்டேன் என்றது. நெம்பினால் உடையும். ரப்பர்க் காலை உரித்துப் பார்த்தால் அதற்கடியில் ஒரு திருகாணி ஒளிந்திருந்தது. பெரிய கெட்டிக்காரன்தான் இதைச் செய்திருக்கிறான். பட்டரி இணைப்பை எடுத்து, எஸ்எஸ்டியைப் பொருத்தி, ராமைச் சரிவாகச் செருகி, பூப்போல அமத்தினேன். எல்லாம் பூட்டி சுவிட்சை அழுத்தினால் திரை கறுப்பு.

பழைய பிரிண்டர் தாளை விழுங்கிவிட்டு நின்ற நாள் நினைவுக்கு வந்தது. ஆட்கள் வாசலில் நிற்க, நான் டோர்ச் பிடித்துக்கொண்டு "உடைஞ்சிடும், உடைஞ்சிடும்" என்று புலம்ப, நீ உருளையை ஒரே அமத்தாக அமத்தி இருத்தினாய். "முதல் அமத்து, பிறகு பயப்பிடு" என்றாய். அந்தக் குரல் இன்றைக்கும் நல்ல காரமாகத்தான் கேட்டது. மூடியைத் திரும்பக் கழற்றி, ராமை எடுத்து, இரண்டு பெருவிரலையும் வைத்து அமத்தினேன். இரண்டு பக்கமும் டிக், டிக். இம்முறை திரை வந்தது. "வந்திட்டுதடி!" என்று நான் கத்தியதில் பக்கத்துத் தையல்கடை அக்கா ஊசியோடு ஓடிவந்துவிட்டார்.

பின்னேரம் உன் அம்மா பக்கங்களைப் பார்க்க வந்தார். கதிரையில் சரியாக இருக்கக்கூட இல்லை, எனக்கு வேகத்தைக் காட்டும் புளுகம், அவ்வளவு சந்தோஷம். தட்டிவிட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் திரை நிறைய நீ.

அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ பிள்ளை, இவ்வளவு கெதியா வந்திட்டாளே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பெல்லாம் லப்டொப் ஒரு படத்தைத் திறக்க எடுத்த நேரத்தில் நீ சும்மா இருந்ததில்லையே! வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பாய். "ஐயா என்ன கறியெண்டால் விரும்பிச் சாப்பிடுவார், அம்மா?" என்று கேட்பாய். அவர்கள் ஒரு மீன்குழம்பில் தொடங்கி எங்கெங்கோ போய் வருவார்கள். படம் வரும்போது அந்த முகத்தைப் பார்க்க அவர்களுக்குத் தெம்பு வந்திருக்கும். அலட்டல்காரி என்று நான் பகிடி பண்ணுவேன். மெஷினில் படம் வரும்வரை நேரம் போக்குகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

திரையை மடித்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "அம்மா, இவள் சின்னனில என்ன குழப்படி செய்வாள்?" என்றேன். திருவிழாவில் காப்புக்கடைப் பெட்டிகளுக்கு நடுவே நீ நித்திரையாகிப்போக, ஊரே உன்னைக் கேணிப்பக்கம் தேடிய கதையைத் தொடங்கினார். இத்தனை வருடத்தில் நீ எனக்குச் சொல்லாத கதை அது! சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி பிள்ளை, இப்பக் காட்டு" என்றார்.

கல்வெட்டு நாளைக்கு அச்சுக்குப் போகிறது. உன் முகத்துக்கு மேலே ரோசாப்பூ இல்லை. லப்டொப் இனி எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஓடட்டும். நம் கடைக்கு வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர், பிறகு கதை, அதன் பிறகுதான் படத்தைத் திறப்பேன்.