ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம்

சென்னை
12.7.87

அன்புள்ள மலர்,

நான் நலம். உன் அம்மாவுக்கு முதுகுவலி குறைந்ததா? கோயம்புத்தூர் போனதும் என்னையும் நாம் படித்த கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தையும் மறந்துவிட்டாய். இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை.

செய்தி இதுதான். போன வாரம் பேராசிரியர் நாராயணசாமி என்று ஒருவர் பெங்களூரிலிருந்து வந்து எங்களுக்கு உரை நிகழ்த்தினார். நாம் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதப் படிக்கிறோம்; அவருடைய ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டரின் உள்ளமைப்பையே புதிதாக வடிவமைக்கிறார்கள். கடைசி வருஷப் புராஜெக்டுக்கு வெளிக் கல்லூரியிலிருந்து ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொள்வாராம். என் மார்க்குகள், வாங்கிய பரிசுகள், துறைத் தலைவரின் சிபாரிசு எல்லாம் சேர்த்து அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டேன். எனக்குக் கிடைத்துவிடும் என்று தோழிகள் சொல்கிறார்கள்.

உனக்கும் ஆசையிருந்தால் எழுதிப் பார். முகவரி பின்பக்கம். கிடைக்காவிட்டால் மனசை விட்டுவிடாதே.

அன்புடன்,
ஜெயசுதா


கோயம்புத்தூர்
9.8.87

அன்புள்ள ஜெயா,

கோபித்துக்கொள்ளாதே. விடுதியில் காய்ச்சலாய்க் கிடந்தேன், அதுதான் தாமதம்.

நீ சொன்னதும் நானும் எழுதினேன். மார்க்கை ஒரு வரியில் முடித்துவிட்டு, என் மனசை அரித்துக்கொண்டிருந்த சந்தேகத்தைக் கேட்டேன். கம்ப்யூட்டர் கணக்குப் போடும் நேரத்தைவிட, தனக்கு வேண்டிய தகவல் நினைவகத்திலிருந்து வந்து சேரக் காத்திருக்கும் நேரம்தானே ஜாஸ்தி? அடிக்கடி கேட்கும் தகவலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் எவ்வளவு மிச்சமாகும்? எங்கள் கல்லூரியில் மெஷின் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் ஒரு சின்னப் புரோகிராமைக் காகிதத்திலேயே ஓட்டிப் பார்த்து அனுப்பினேன்.

நம்ப மாட்டாய், மூன்று பக்கம் பதில் எழுதியிருக்கிறார்! முழுக்கக் கேள்விகள். செப்டம்பர் 21-ஆம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார். உனக்கும் அதே தேதிதானே? சேர்ந்தே போகலாம்.

உங்கள் கல்லூரியில் நினைத்த நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரலாமாமே. உன்மேல் பொறாமையாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

உன்,
மலர்


சென்னை
22.8.87

அன்புள்ள மலர்,

மூன்று பக்கமா? எனக்கு இரண்டே வரி. “21-ஆம் தேதி வரவும். சான்றிதழ்கள் கொண்டு வரவும்.”

உன் கடிதத்தை அறைத்தோழி எதிரில்தான் பிரித்தேன். நல்ல செய்தியா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி மடித்து வைத்தேன்.

அவரைப் பற்றிச் சொன்னதே நான்தான். அந்தச் சந்தேகத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இரண்டு பேரும் யோசித்திருப்போம். பரவாயில்லை. கஷ்டப்பட்டு மேலே வந்தவர்கள் என்றால் பெரிய மனுஷர்களுக்கு ஓர் இரக்கம் இருக்கும். அதில் தப்பொன்றும் இல்லை.

சேர்ந்து போவது பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஜெயசுதா


மணலூர்பேட்டை
18.9.87

அன்புள்ள ஜெயா,

பழனி மாமா சைக்கிளில் எப்படியாவது வந்து இதை உன்னிடம் கொடுப்பார். நீ உன் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு எலவனாசூர்கோட்டைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நானும் அம்மாவைப் பார்க்க வந்து மாட்டிக்கொண்டேன். இடஒதுக்கீடு கேட்டு உங்கள் சங்கத்தார் ரோடெல்லாம் புளியமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரு பஸ்கூட இல்லை. எங்கள் காலனியில் ஆண்கள் தூங்காமல் காவல் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை பெங்களூரில் இருக்க வேண்டும். உங்கள் ஜீப்பில் சங்கத்துக் கொடி இருப்பதால் மரத்தை நகர்த்தி வழி விடுகிறார்களாம். உன்னை அய்யப்பன் அண்ணன்தானே கூட்டிப் போவார்? திருவண்ணாமலைக்கு எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். பின்னால் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறேன். அண்ணனிடம் கேட்டுச் சொல்லு.

பதில் வாங்கிவர மாமா காத்திருப்பார்.

மலர்


எலவனாசூர்கோட்டை
18.9.87

மலர்,

ஜீப்பில் இடமில்லை. அண்ணனோடு சங்கத்து ஆட்கள் வருகிறார்கள். நீ வருவது அவர்களுக்கு ஒத்துவராது. இந்த நிலைமையில் நீ வெளியே கிளம்பாமல் இருப்பதுதான் உனக்கு நல்லது. பேராசிரியரிடம் உன் நிலைமையைச் சொல்கிறேன்.

ஜெயசுதா


சென்னை
17.10.87

அன்புள்ள மலர்,

முடிவு வந்துவிட்டது. உனக்கும் வந்திருக்கும். வாழ்த்துகள்.

அன்றைக்கு பெங்களூரில் அந்த ஆய்வுக்கூட வராந்தாவில் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பாவாடை ஓரமெல்லாம் சேறு, காலெல்லாம் முள் கிழித்த கோடு. “வந்துட்டியா ஜெயா? வழி நல்லா இருந்திச்சா?” என்று கேட்டாய். நீ திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்கு ஓடவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான். நான் ட்யூஷன் போய் வாங்கிய மார்க்கை நீ சும்மா உட்கார்ந்து வாங்குவாய். டீச்சர் உன் பேரைச் சொல்லும்போது நான்தான் முதலில் கைதட்டுவேன். கை வலிக்கும் மலர்.

அண்ணன் சொல்லுது, “இப்பல்லாம் அவங்களுக்குத்தான் மவுசு. நாம ரோட்ல குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்.” நான் மறுத்துப் பேசவில்லை. உனக்கு அங்கேயும் ஒதுக்கீடு உதவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் தூக்கம் வருகிறது. அப்படித்தானா? நீயே சொல்லு.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. நாம் பழையபடி இருக்கலாம்.

ஜெயா


பெங்களூர்
24.1.88

ஜெயசுதாவுக்கு,

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கல்லூரியில் எனக்குச் சீட்டுக் கிடைத்தது ஒதுக்கீட்டில்தான். அதை நான் மறைத்ததும் இல்லை, அதற்காகக் கூச்சப்பட்டதும் இல்லை. உன் அண்ணன் ரோட்டில் உட்கார்ந்து கேட்டதும் அதைத்தானே? அவர்களுக்கும் கிடைக்கட்டும். இந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் என் சாதிச் சான்றிதழைக் கேட்கவில்லை. சாக்பீஸைக் கையில் கொடுத்தார்கள். கை ஓயும் வரை போர்டில் எழுதினேன். இரண்டு இடத்தில் தப்பாகவும் எழுதினேன்.

நான் எப்படி வந்தேன் என்று நீ கேட்கவே இல்லை. சங்கராபுரம் வரை மாமா சைக்கிளில், அங்கிருந்து மலையடிவாரம் போய், இரண்டு பேரும் கல்வராயன் மலை ஏறினோம். மலைமேல் ஒரு மரமும் வெட்டவில்லை, மழைதான். சேராப்பட்டுப் பக்கம் ஆயம்மாள் என்கிற மலைக்காரம்மா எங்களுக்குச் சாமைச் சோறு போட்டார். “மலையேறிப் போயி எழுதற பரீட்ச இன்னா பரீட்சம்மா அது?” என்று சிரித்தார். அந்தப் பக்கம் கோட்டப்பட்டியில் இறங்கி, மொரப்பூரில் ரயில் பிடித்தோம். வழியெல்லாம் உன்னைத்தான் நினைத்தேன். உனக்கு ஜீப்பில் நிஜமாகவே இடமில்லை, பாவம் நீ என்ன செய்வாய் என்று நினைத்தேன். வராந்தாவில் உன்னிடம் நல்லபடியாகப் பேசியது அதனால்தான்.

ஊருக்குப் போனபோது அம்மா சொன்னாள். “ஞாயித்துக்கெழம உன் கூட்டாளி ஜீப்புல போச்சிடி. முன்னாடி அண்ணனும் தங்கச்சியும், பின்னாடி ஒரு பெட்டி. காலியாத்தான் போச்சி.”

போன வாரம் இங்கே ஒரு மாணவர் விலகிவிட்டார். நாங்கள் வடிவமைத்த பகுதியைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். சார் என்னைக் கூப்பிட்டு, “உன்கூட ஒரு பொண்ணு வந்திருந்தாளே, உங்க ஊர்ப் பக்கம்தானே? அவளை உனக்குத் தெரியுமா? வேலை செய்வாளா?” என்று கேட்டார்.

நீ வேலை செய்வாய். எனக்குத் தெரியும். உன் பேர் நாக்கு நுனி வரை வந்தது.

“பாத்திருக்கேன் சார்” என்றேன்.

மலர்விழி