அண்ணன் கண்ட காலி இடம்

அக்டோபர் 13, ஞாயிறு
மூட்டம், மழை இல்லை. அண்ணன் விண்டோஸைத் திரும்பப் போட்டிருக்கிறான். கேம் நின்று நின்று ஓடியதாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது ஆன் பண்ணினால் நேரே விண்டோஸ்தான். விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும் திரையே வரவில்லை. "ஒன் லினக்ஸு போயிருச்சு போல" என்கிறான், ஏதோ பஸ் போன மாதிரி. போகவில்லை. ஊர் அங்கேயேதான் இருக்கு, வழிப்பலகையைத்தான் பிடுங்கிவிட்டான். லினக்ஸை நேரே கிளப்புற பூட் ஃபிளாப்பி இருக்கு, பார்த்துக்கலாம்.

வெள்ளிக்கிழமை மதுரைக் கம்பெனி இண்டர்வியூவில், பூக்கமிஷன் கடைக் கணக்குக்கு நான் எழுதிய புரோகிராமை ஓட்டிக் காட்டணும். அது லினக்ஸில் இருக்கு. வேலை கிடைத்தால் ஒரு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சு இல்லை என்று அப்பா வாக்கு.

அம்மா வாங்கி வரச் சொன்னது: பொரி, கடலை, வாழையிலை.

14, திங்கள்
ஆயுத பூஜை. நல்ல வெயில். கம்ப்யூட்டரும் பூஜையில். நாளைக் காலை வரை தொடக் கூடாதாம். அண்ணன் மட்டும் பைக்கில் ஊர் சுற்றுகிறான், அதற்குச் சாமி குற்றம் இல்லை.

15, செவ்வாய்
எல்லா ஃபிளாப்பிக்கும் அம்மா சந்தனம் குங்குமம் வைத்திருக்காங்க. சரியாக, டிரைவ் உள்ளே படிக்கத் திறக்கும் அந்தத் தகர மூடி மேல். பூட் ஃபிளாப்பி, புரோகிராம் காப்பி, இரண்டுக்கும். துடைத்து டிரைவில் போட்டேன். கரகரவென்று சத்தம், படிக்கவில்லை. அழுகையாக வந்தது.

"ஒனக்கு வேல கெடைக்கணும்னுதானத்தா வச்சேன்."

இதற்கு மேல் அம்மாவை என்ன திட்டுவது? லினக்ஸ் சிடி ஜெசிந்தாவிடம். கூடப் படித்தவள், நிலக்கோட்டை.

16, புதன்
பஸ் முழுக்கப் பூக்கூடை, நின்றே போனேன். சிடி கிடைத்தது. அதில் பூட் பண்ணி, எது வேணும் என்று கேட்கும் திரையைக் காட்டுற லைலோவைத் திரும்ப எழுதினால் போதும், பழையபடி லினக்ஸுக்குள் போகலாம். செத்த நேர வேலை. வரும்போது எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

வீட்டில் அண்ணனும் அவன் கூட்டாளி செந்திலும் கம்ப்யூட்டர் முன்னால். செந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். டிஸ்கில் பாதி, விண்டோஸ் படிக்காத இடமாகக் கிடந்ததாம். என் லினக்ஸும் புரோகிராமும் இருந்த பாதி. அதை அழித்து, ஃபார்மட் பண்ணி, E என்று புது டிரைவ் ஆக்கியாச்சு.

"சும்மாதான கெடந்துச்சு. எடம் வேணும்னு இவன்தான் சொன்னான்" என்றான் செந்தில்.

எல்லார் மேலும் வெறுப்பு.

17, வியாழன்
சிடி போட்டுத் தேடினேன். ஒன்றும் மிஞ்சவில்லை, மேலேயே வேறு ஃபைல் ஏற்றிவிட்டார்கள். கம்பெனிக்குப் போன் பண்ணி வேறு நாள் கேட்டேன். முடியாதாம்.

அப்படி எதற்கடா இடம் என்று அண்ணனிடம் கேட்டேன். E டிரைவைத் திறந்து காட்டினான். பழனிக் கல்யாணத் தரகர் கொடுத்த சிடியிலிருந்து ஏற்றியது. எனக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை போட்டோ, அவர் வீடு, அவர் அக்கா கல்யாண வீடியோ முழுசாக.

"அப்பா நேத்தே பாத்துட்டாரு" என்றான்.