கால்வலி என்று சொன்னீர்களாம்

என்னங்க,

வேப்பம்பட்டில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் எனக்குத் தெரியாதா? மாத்திரை போட்ட மறுநாளே பேன்ட் போட முடியாமல், லுங்கியோடு காலை அகட்டி அகட்டி நடந்தீர்களே.

நம் குவார்ட்டர்ஸுக்கு யானைக்கால் மாத்திரை கொண்டுவந்த நர்ஸம்மாவைக் கேட்டேன். "உள்ள கீற புழு சாவுதும்மா, அதான் காய்ச்சலும் வீக்கமும். ஆம்பளைங்களுக்கு அங்கதான் வீங்கும், அப்புறம் வத்திடும். டாக்டராண்ட ஒருதபா காட்டிடு" என்றார்.

உங்கள் அண்ணி போன் செய்தார். கால்வலி என்று சொன்னீர்களாம், தைலம் தேய்த்தும் குறையவில்லையாம். நானும் கால்தான் என்று சொல்லிவிட்டேன்.

நாளை அங்கே வருகிறேன், டாக்டரிடம் சேர்ந்தே போகலாம். அவரிடமாவது காலைக் காட்டாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேன்ட்டை இஸ்திரி போட்டு வைத்திருப்பவள்