நங்கோனா மயக்கம் என்று சிரித்தார்கள்

என் வாயாடி அப்பாவுக்கு,

பதினொரு மாதம் தாமதமாக எழுதுகிறேன். பாப்பாவுக்கு ஆறு பல் முளைத்துவிட்டது. நீங்கள் பார்த்தது வெறும் ஈறுதான்.

பிரிஸ்பேனிலிருந்து சித்தப்பா ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறார். இரத்தக் குழாயின் உட்புறத்தை ஓடு பதித்தாற்போல ஒரே அடுக்காக மூடியிருக்கும் செல்களைப் பற்றியது. குழாய் புண்பட்டால் அவற்றில் சில உரிந்து இரத்தத்தோடு சுற்றுமாம். பக்கவாதம் வந்தவர்களிடம் அவை கூடுதலாகத் தென்படலாமாம். அது வரப்போவதன் அடையாளமா, வந்ததன் சேதமா என்பது இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. கட்டுரை அதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. சித்தப்பாவுக்கு அந்த நேர்மை ஏது?

"பாத்தியாம்மா, கண்ணுக்கே தெரியாத சமாச்சாரம். நாம என்ன பண்ணியிருக்க முடியும்? திவசத்தன்னைக்கு அண்ணிகிட்ட இதை எடுத்துச் சொல்லு, மனசு ஆறும்" என்று போனில் குழைந்தார்.

யார் மனசு ஆறும்? உங்கள் வாய் கோணியதைப் பார்க்க எந்த மைக்ராஸ்கோப் வேண்டும் அப்பா?

அன்று லாமியில், பிரிஸ்பேனுக்குக் குடிபெயரும் சித்தப்பாவுக்கு வழியனுப்பு விருந்து. ஆட்சியைக் கவிழ்த்தவர்களுக்குப் பயந்து நம் தீவு நாட்டைவிட்டு ஓடுகிறவர்கள், பாயில் வட்டமாக உட்கார்ந்து வீரம் பேசினார்கள். நங்கோனா சிரட்டை கை மாறிச் சுற்றியது. அந்த வேர்க்கரைசல் உதட்டையும் நாக்கையும் மரக்கடிக்கும் என்பதால், உங்கள் பேச்சு குழறியது எல்லோருக்கும் வேடிக்கையாகிவிட்டது. நீங்கள் குடித்தது இரண்டே சிரட்டை. மூன்றாவது உங்கள் வலது கையில் நிற்காமல் மடியில் கொட்டியது.

"சித்தப்பா, அப்பா வாய் ஒரு பக்கமா இழுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அட, அண்ணனுக்கு அதுக்குள்ள ஏறிடுச்சுடா! காலேஜ் படிச்ச பொண்ணு, நங்கோனா குடிச்சவனைப் பாத்ததில்லையா? புள்ள தும்மினாலே டாக்டர்கிட்ட ஓடுறவதானே நீ!"

பாய் முழுக்கச் சிரிப்பு. "படுக்க வை, காலையில சரியாயிடும்."

படுக்க வைத்தேன். போர்த்திவிட்டேன். பாப்பா அழுதாள், போய்விட்டேன். விடிந்தபோது உங்களால் என் பெயரைச் சொல்ல முடியவில்லை. நான்காம் நாள் நீங்களே இல்லை. சித்தப்பா டிக்கெட்டைக்கூட மாற்றவில்லை. காரியத்துக்கு இருக்காமல் விமானம் ஏறினார்.

அவரை எவ்வளவு இகழ்ந்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் அவர் செய்தது ஒரு சிரிப்பு. அதற்குக் கூசி வாயை மூடியவள் நான். முகக் கோணல், கைத் தளர்ச்சி, பேச்சுக் குழறல் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய பட்டதாரி. எங்கள் இருவரில் யார் மட்டம்?

அன்று ராக்கிராக்கியில் இருந்த அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. தான் போட்ட மாங்காய் ஊறுகாயின் உப்புதான் உங்களைக் கொண்டுபோனது என்று நம்பி, பதினொரு மாதமாக உப்பில்லாமல் சாப்பிடுகிறாள். நேற்றுகூட "என் கையாலதானே அள்ளி வச்சேன்" என்றாள். நான் பாப்பாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. சொன்னபிறகு அவள் என் முகத்தில் விழிப்பாளா? பாப்பாவைத் தூக்குவாளா?

உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பீர்களா, தெரியாது. அது உப்பின் வேலையா, உரிந்த செல்களின் வேலையா, அதுவும் தெரியாது. உங்களை அப்படியே விட்டுப் போனது அம்மா அல்ல என்பது மட்டும் தெரியும்.

திவசம் வரை காத்திருக்கமாட்டேன் அப்பா. நாளை அவள் அடுப்பு மூட்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா பெயரை இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

உங்கள் மூத்த மகள்,
பாப்பாவின் அம்மா