ஊலியைப் புதைத்த அப்பாவுக்கு

மதிப்புக்குரிய அப்பாவுக்கு ரோபாத்தியின் பணிவான வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். இங்கே ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு பறிப்பு மும்முரம்.

நம் பூனை ஊலி இறந்ததைத் தங்கச்சி லூபே போனில் சொன்னாள். "பூனைக்கு எதுக்குடி மீனு?" என்று தினமும் அவளை அதட்டும் நீங்களே, ஞாயிறு ஆராதனைக்கு இடுப்பில் கட்டும் வெள்ளை லாவாலாவாவில் சுற்றிப் புதைத்தீர்களாமே!

மறுநாள் ஏணியில் நின்றபோது கண் நிறைந்துவிட்டது. கீழே நின்ற டோங்கா தீவுக்காரன் மோசேசே பார்த்துவிட்டான்.

"என்னடா சாமோவாக்காரா, யாரு போயிட்டா?"

"எங்க வீட்டுப் பூனை."

சிரிப்பான் என்று நினைத்தேன்.

"ரொம்ப வருசமா இருந்துச்சா?"

"நான் பள்ளிக்கூடம் போன காலத்துலேருந்து."

"அப்ப இறங்கு. அழுதுட்டு வா. நீ விழுந்து வச்சா உங்கப்பாவுக்கு யார் பதில் சொல்றது?"

என் மரத்தையும் அவனே பறித்து முடித்தான். நான் விழவில்லை, பயப்படாதீர்கள்.

பன்றிகள் கிளறாமல் ஊலி கிடக்கும் இடத்தில் கல் அடுக்குங்கள். கடைசியில் அது என் பாயில்தான் படுத்திருந்ததாம். அந்தப் பாயைத் துவைக்க வேண்டாம், சுருட்டி வையுங்கள்.

வேலைக்கு அழைத்துப் போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். ஊலியைப் புதைத்த அன்று நீங்கள் சாப்பிட்டீர்களா, அப்பா? லூபே அதை மட்டும் சொல்லவில்லை.

உங்கள் மகன்,
ரோபாத்தி